மெஷின் போட்டால் காசு நிற்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வங்கியில் கடன் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் காங்கேயம், கரூர், சேலம் பக்கத்துக் கிளைகளில். இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகின்றன: "இத்தனை லட்சம் போடுகிறேன், வருடத்துக்கு எத்தனை சதவீதம் வரும்?" அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அய்யா வணக்கம். மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் இடம் சும்மா கிடக்கிறது. மூன்று மரச்செக்கு போட்டுக் கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கலாம் என்று யோசனை. செக்கு, ஃபில்டர், வயரிங், ஷெட் எல்லாம் சேர்த்து 12 லட்சம் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. மெஷின் விற்பவர் கொடுத்த தாளில் வருடம் 4,80,000 ரூபாய் நிற்கும், 40 சதவீத லாபம் என்று போட்டிருக்கிறார். வங்கியில் 11 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கும். பதினொன்றுக்கு வாங்கி நாற்பது சம்பாதிக்கலாம் என்றால் தயங்காமல் இறங்கலாம்தானே?
– வாசகர், வெள்ளகோவில்

உங்கள் கடிதம் வந்ததும் சில விவரங்கள் கேட்டு எழுதியிருந்தேன். ஒன்று விடாமல் பதில் அனுப்பினீர்கள், நன்றி. அந்தப் பதில்களை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போடுகிறேன்.

விற்பவர் செய்தது இவ்வளவுதான்: 4,80,000-ஐ 12 லட்சத்தால் வகுத்தார், 40 வந்தது. வகுத்தல் சரி. ஆனால் மேலே வைத்த தொகையும் சரியில்லை, கீழே வைத்த தொகையும் சரியில்லை.

முதலில் மேலே இருப்பதைப் பார்ப்போம். மூன்று செக்கும் முதல் நாளிலிருந்தே வருடம் 300 நாள் முழுநேரமும் ஓடும் என்று வைத்துத்தான் அந்த 4,80,000 வந்திருக்கிறது. ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டே கால் முதல் இரண்டரைக் கிலோ பருப்பு ஆட்ட வேண்டும் என்பதெல்லாம் தாளில் சரியாகவே இருக்கிறது. புண்ணாக்கு விற்ற காசையும் சேர்த்திருக்கிறார், அதுவும் நியாயம்தான். ஆட்டிய எண்ணெயை யார் வாங்குவார்கள் என்ற வரிதான் அதில் இல்லை. செக்கு ஓடுவது உங்கள் கையில் இருக்கிறது. பாட்டில் நகர்வது ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. உங்கள் கடைக்கு வருகிற குடும்பங்களை எண்ணி, அதில் எத்தனை பேர் பாக்கெட் எண்ணெயை விட்டு அதைவிடக் கூடுதல் விலை கொடுத்துச் செக்கு எண்ணெய்க்கு வருவார்கள் என்று நீங்களே உத்தேசித்து அனுப்பிய கணக்கு இது: முதல் வருடம் 3 லட்சம், இரண்டாம் வருடம் 4,20,000, மூன்றும் நான்கும் 4,80,000, ஐந்தாம் வருடம் உரலும் உலக்கையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் 4,20,000. மொத்தம் 21 லட்சம். ஐந்தால் வகுத்தால் வருடத்துக்குச் சராசரி 4,20,000.

இது கைக்கு வரும் காசு. இதை இன்னும் லாபம் என்று சொல்ல முடியாது. ஐந்து வருடம் கழித்து இந்தச் சாமான்களை விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டதற்கு, இரண்டு லட்சம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் 12 லட்சத்தில் 10 லட்சம் ஐந்து வருடத்தில் தேய்ந்து போகிறது. வருடத்துக்கு 2 லட்சம் தேய்மானம். அது யாரும் வந்து வசூலிக்காத செலவு என்பதால் நம் ஊரில் பலரும் அதை எழுதுவதே இல்லை. உத்தேச வருமான முறையில் வரி கட்டும் சிறு கடைக்காரர்களுக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போயிற்று. விற்பனையில் இத்தனை சதவீதம் வருமானம் என்று காட்டி வரி கட்டிவிடுகிறார்கள். தேய்மானம் அதிலேயே அடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்வதால் அதைத் தனியாக எழுத வேண்டிய அவசியம் வருவதில்லை. வரிக்கு அது சரி, மெஷின் போடலாமா என்று முடிவு செய்ய அது உதவாது. 4,20,000-இல் 2 லட்சம் போக மீதி 2,20,000.

அடுத்தது கூலி. செக்கில் யார் நிற்பார்கள் என்று கேட்டேன். "வீட்டில் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அதற்கு ஆள் வேண்டாம்" என்று எழுதியிருந்தீர்கள். காங்கேயத்தில் இருந்தபோது கடன் பார்வைக்கு எத்தனையோ செக்குகளுக்குப் போய் நின்றிருக்கிறேன். பருப்பைக் கொட்டியதும் உலக்கை சுற்றத் தொடங்கும். உரலின் ஓரத்தில் ஏறிக்கொள்ளும் மாவைக் கம்பியால் குத்தி உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் பிரியும்போது விலகிப் போகவும் முடியாது. இறுகிப்போன புண்ணாக்கைச் சூட்டோடு பெயர்த்தெடுத்துவிட்டு அடுத்த ஈடு போட வேண்டும். எண்ணெயைத் தெளிய வைத்து, வடித்து, பாட்டிலில் பிடித்து, லேபிள் ஒட்டுவதும் அதே கைதான். இதை நாள் முழுக்கச் செய்கிற ஆளுக்குக் கூலி இல்லை என்று எழுதினால் அந்தக் கணக்கு பொய். உங்கள் மனைவிக்கு மாதம் 8,000 என்று குறைவாக வைத்தாலே வருடத்துக்கு 96,000. மீதி 1,24,000. இதுதான் உங்கள் சராசரி வருட லாபம். உங்கள் வருமானத்துக்கு வரி வராது என்று சொன்னதால் வரியைக் கழிக்கவில்லை. வரி கட்டுகிறவர்கள் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

இனி கீழே வைக்க வேண்டிய தொகை. ஐந்து வருடமும் உங்கள் 12 லட்சம் அப்படியே மெஷினில் முடங்கிக் கிடக்காது. முதல் நாள் 12 லட்சம், கடைசி நாள் 2 லட்சம். நடுவில் சராசரியாக முடங்கியிருப்பது இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தது, அதாவது 7 லட்சம். இது உங்களுக்குச் சாதகமான திருத்தம். ஆனால் விற்பவர் விட்டுவிட்ட இன்னொன்று இருக்கிறது, சரக்கு. கடலை வரத்து நன்றாக இருக்கும்போது மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டால்தான் கட்டுப்படியாகும். கொப்பரைக்கு உங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ரொக்கம் வேண்டும். எள்ளும் அப்படித்தான். எப்போதும் மூன்று லட்சம் சரக்கிலும் கடன்பாக்கியிலும் நிற்கும் என்று நீங்களே சொன்னீர்கள். அது தேயாது, கடைசியில் திரும்பி வந்துவிடும். ஆனால் ஐந்து வருடமும் முழுத்தொகையாக முடங்கியிருக்கும். ஆகச் சராசரி முதலீடு 10 லட்சம்.

1,24,000-ஐ 10 லட்சத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 12.4 சதவீதம்.

இதைத்தான் சராசரி லாப விகிதம் என்கிறோம். நாற்பது என்று சொன்னது பன்னிரண்டரைகூட வரவில்லை. கடன் வட்டியை நான் கழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள், மறந்து விடவில்லை. இந்த 12.4-ஐ வட்டியோடு ஒப்பிடப் போகிறோம் என்பதால், முன்னாலேயே வட்டியைக் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். உங்கள் வட்டி 11. நடுவில் இருக்கும் இடைவெளி 1.4 சதவீதம். ஒரு வருடம் கடலை விலை ஏறினால் அது காணாமல் போகும்.

அதற்காக யோசனையையே விட்டுவிடச் சொல்லவில்லை. இடம் உங்களுடையது, கடை ஓடுகிறது, வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். மூன்றுக்குப் பதில் ஒரே ஒரு செக்கோடு ஆரம்பியுங்கள். ஷெட்டையும் வயரிங்கையும் மட்டும் மூன்றுக்குத் தாங்கும்படி செய்துகொள்ளுங்கள். ஒரு வருடம் பாட்டில் எப்படி நகர்கிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவதை வாங்கலாம். மானியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவற்றில் மானியத் தொகை உடனே உங்கள் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே தனியாக நிற்கும், பிறகுதான் கடனில் வரவு வைப்பார்கள். மானியம் இல்லாமலே தேறுகிற தொழிலா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் அது கூடுதல் பலம்.

இன்னொன்று. கொட்டேஷனில் இருக்கும் 12 லட்சம் ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெஷினுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது எண்ணெய் விற்கும்போது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக எடுத்துக்கொள்ள முடிந்தால், அந்தப் பகுதியை முதலீட்டில் சேர்க்கக் கூடாது. அதற்குத் தேய்மானமும் கிடையாது.

ஐயா, நான் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சராசரி லாப விகிதத்துக்கு ஒரு புத்தகத்தில் ஆரம்ப முதலீட்டால் வகுக்கிறார்கள். எங்கள் சார் சராசரி முதலீட்டால் வகுக்கச் சொல்கிறார். விடை இரண்டு மடங்கு வித்தியாசப்படுகிறது. எது சரி?
– மாணவி, கும்பகோணம்

இரண்டும் வழக்கத்தில் இருப்பவைதான் அம்மா. தேர்வில் கேள்வியில் எதைச் சொல்கிறார்களோ அதைச் செய்யுங்கள். சொல்லவில்லை என்றால் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று விடைத்தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஆனால் ஏன் இரண்டு மடங்கு ஆகிறது என்பது புரிந்தால் வாழ்நாள் முழுக்க உதவும். உங்கள் தெருவில் யாராவது தவணையில் வண்டி வாங்கியிருப்பார்கள், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,20,000 ரூபாய் கடன், 12 மாதத் தவணை, "வட்டி வெறும் 12 சதவீதம், ஃபிளாட் ரேட்" என்பார்கள். வட்டி 14,400. மாதம் 11,200 கட்ட வேண்டும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வருடம் முழுக்கச் சராசரியாக உங்கள் கையில் இருந்த கடன் 1,20,000 இல்லை, அதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் வட்டி ஏறத்தாழ 21, 22 சதவீதம் ஆகிவிடும். ஆரம்ப முதலீட்டால் வகுப்பது ஃபிளாட் ரேட் மாதிரி. சராசரி முதலீட்டால் வகுப்பது குறைந்துவரும் அசல் முறை மாதிரி. வங்கி சொல்லும் 11 சதவீதம் குறைந்துவரும் அசலுக்குத்தான். ஆகவே வங்கி வட்டியோடு ஒப்பிட வேண்டுமென்றால் சராசரி முதலீட்டால் வகுப்பதே பொருத்தம். உங்கள் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது ஒன்றை ஒரு முறையிலும் மற்றொன்றை இன்னொரு முறையிலும் போடக் கூடாது. மெஷின் விற்பவர்கள் கொடுக்கும் தாள்களில் நான் அடிக்கடி பார்த்த தவறு இது.

பாக்கு மட்டைத் தட்டு செய்யும் மெஷின் வாங்க இருக்கிறேன். விலை 6 லட்சம். கம்பெனிக்காரர் 10 வருடம் உழைக்கும் என்கிறார். என் ஆடிட்டர் 15 வருடம் என்று வைத்துத் தேய்மானம் போடலாம் என்கிறார். வருடம் 2 லட்சம் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். எத்தனை வருடம் என்று எடுத்துக்கொள்வது?
– வாசகர், வாழப்பாடி, சேலம் மாவட்டம்

உங்கள் ஆடிட்டர் சொல்லும் 15 வருடம், 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பொதுவான இயந்திரங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் ஆயுள். நிறுவனங்கள் ஆண்டுக் கணக்கு எழுதுவதற்கு அது. வருமான வரிக்கு வேறு வழி, குறைந்துவரும் மதிப்பில் ஆண்டுக்கு 15 சதவீதம். இரண்டுமே உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை.

இரும்பு எத்தனை வருடம் தாங்கும் என்பதையும் விட்டுவிடுங்கள். அந்த மெஷினிலிருந்து வரும் தட்டு எத்தனை வருடம் விற்கும்? அதுதான் கணக்கில் எழுத வேண்டிய ஆயுள்.

கடைசியில் பழைய விலை எதுவும் கிடைக்காது என்று வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். சராசரி முதலீடு 3 லட்சம். 15 வருடம் என்றால் தேய்மானம் 40,000, லாபம் 1,60,000, விகிதம் 53 சதவீதம். 10 வருடம் என்றால் தேய்மானம் 60,000, விகிதம் 47-க்குக் கொஞ்சம் கீழே. 4 வருடம் என்றால் தேய்மானம் 1,50,000, லாபம் வெறும் 50,000, விகிதம் 17-ஐக்கூடத் தொடவில்லை. அதே மெஷின், அதே தட்டு, அதே 2 லட்சம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2017 தொடக்கத்தில், நான் இருந்த கிளைக்கு ஒரு கணவனும் மனைவியும் பேப்பர் கப் மெஷின் போடக் கடன் கேட்டு வந்தார்கள். மெஷின் 8 லட்சம். வருடம் 3 லட்சம் நிற்கும் என்றார்கள், நானும் டீக்கடை டீக்கடையாக விசாரித்துச் சரிபார்த்தேன். ஆயுள் 5 வருடம், கடைசியில் 50,000 கிடைக்கும் என்று வைத்தேன். தேய்மானம் 1,50,000, லாபம் 1,50,000, சராசரி முதலீடு 4,25,000, விகிதம் 35 சதவீதம். கையெழுத்துப் போட்டேன். அவர்கள் சொன்ன மாதிரியே நடத்தினார்கள். வீட்டு முன்னறையில் மெஷின். விசிறி மாதிரி வெட்டிய காகிதத்தை ஒன்று ஒன்றாக இழுத்துச் சுருட்டி, அடித்தட்டை ஒட்டி, வாயை மடித்துத் தள்ளும். அந்த அம்மாள் நீளக் குழாயில் வரிசையாக வந்து விழும் கோப்பைகளை ஐம்பது ஐம்பதாக எண்ணிப் பாக்கெட் போடுவார். ஒரு தவணை தவறவில்லை.

2018 ஜூன் 5-ஆம் தேதி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை என்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். பேப்பர் கப்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் நானும் நினைத்தேன். காகிதத்தின் உள்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அது சூட்டில் உருகித்தான் கோப்பையின் ஓரம் ஒட்டுகிறது, டீ ஊறாமல் நிற்கிறது. தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் இருந்தது. வழக்குகள் நடந்தன. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பேப்பர் கப் தடையை உறுதி செய்தது.

அவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. 2019 தொடக்கத்தில் நான் போனபோது மெஷின் மேல் தார்ப்பாய் மூடியிருந்தது, அதன் மேல் பையனின் பள்ளிப் பை இருந்தது. மெஷினைக் கடைசியில் ஒரு லட்சத்துக்குத்தான் விற்க முடிந்தது. இப்போது அதே கணக்கை நடந்தபடி போடுங்கள். இரண்டு வருடத்தில் கைக்கு வந்தது 6 லட்சம். மெஷினில் போனது 7 லட்சம். வருடத்துக்கு 50,000 நஷ்டம். சராசரி முதலீடு 4,50,000. விகிதம் கழித்தல் 11 சதவீதம். 35 என்று நான் எழுதி வைத்தது கழித்தல் 11-இல் முடிந்தது. வருட வருமானத்தில் ஒரு ரூபாய்கூட நாங்கள் தப்பாகப் போடவில்லை, தப்பானது ஆயுள் மட்டும்தான். கடனை அந்த அம்மாளின் நகையை விற்றுத்தான் அடைத்தார்கள். அந்த விண்ணப்பத்தில் "ஆயுள் 5 வருடம்" என்று என் கையெழுத்தில் இருந்த வரி இன்னும் என் கண் முன்னால் நிற்கிறது.

உங்கள் தொழில் அந்தத் தடையால் வளர்ந்த தொழில், வாழப்பாடிப் பக்கம் மட்டைக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஏற்றுமதியை நம்பி 2 லட்சம் என்று போட்டிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், பாக்கு மட்டையில் செய்த தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்த அனுமதியில்லை என்று சொல்லிவிட்டது. உள்ளூர்க் கல்யாண மண்டபங்களையும் கோயில் அன்னதானத்தையும் மட்டும் வைத்து வருடத்துக்கு எவ்வளவு நிற்கும் என்று போடுங்கள். ஆயுளை 4 வருடம் என்று வையுங்கள். அப்படியும் வட்டியைத் தாண்டி வருகிறது என்றால் தைரியமாக வாங்குங்கள்.

எத்தனை சதவீதம் வந்தால் நல்ல முதலீடு என்று சொல்லலாம்?
– வாசகர், திருநெல்வேலி

எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது. உங்கள் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்கினால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். மூணு வட்டி என்றால் 36. அதற்கு மேல் தராத தொழில் வட்டிக்காரருக்காக நடத்துகிற தொழில். சொந்தப் பணம் என்றால், அதே பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டால் கிடைப்பதை அடித்தளமாக வைத்து, தொழிலில் இருக்கிற ஆபத்துக்கும் உங்கள் தூக்கத்துக்கும் மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வேலையில் இருந்தபோது கடன் வட்டியைவிட ஏழெட்டு சதவீதமாவது கூடுதலாக வராத சிறுதொழில் விண்ணப்பத்தை இரண்டாவது முறை படிப்பேன். அது என் சொந்த வழக்கம், வங்கி விதி அல்ல.

9 லட்சம் கையில் இருக்கிறது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் போட்டால் ஏற்கெனவே ஜாப் ஒர்க் தரும் பார்ட்டிகள் இருப்பதால் முதல் வருடம் 5 லட்சம், அடுத்து 4, அடுத்து 3 லட்சம் நிற்கும். பனியன் துணிக்கு டிஜிட்டல் பிரிண்டிங் போட்டால் மெதுவாகத்தான் சூடு பிடிக்கும்: 3, 4, 5 லட்சம். மூன்று வருடத்தோடு மெஷின் கணக்கை முடித்துக்கொள்வேன். இரண்டுக்கும் சராசரி லாப விகிதம் 22 சதவீதம்தான் வருகிறது. எதைத் தேர்ந்தெடுக்க?
– வாசகர், திருப்பூர்

கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். மொத்தம் 12 லட்சம், தேய்மானம் 9 போக 3, வருடத்துக்கு 1 லட்சம், சராசரி முதலீடு நாலரை. 22.2 சதவீதம். இரண்டுக்கும் ஒன்றுதான். இந்த முறைக்குத் தெரியாத விஷயமே உங்கள் கேள்வியில் இருக்கிறது. காசு எப்போது வருகிறது என்று சராசரி பார்ப்பதில்லை.

திருப்பூரில் ஏலச்சீட்டு கட்டாதவர்கள் குறைவு. முதல் மாதமே சீட்டை எடுக்க ஆட்கள் எவ்வளவு தள்ளிக் கொடுக்கிறார்கள்? கடைசி மாதம் முழுத்தொகை வரும் என்று தெரிந்தும் இன்றைக்கே குறைத்து வாங்கிக்கொள்கிறார்கள் இல்லையா? இன்றைய ரூபாய்க்கும் மூன்று வருடம் கழித்து வரும் ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தள்ளுதான். உங்கள் இரண்டு திட்டத்துக்கும் அதே தள்ளை வருடத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துப் பார்த்தேன். எம்பிராய்டரியின் மூன்று வருட வரவு இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 9,79,000. பிரிண்டிங் 9,43,000. போட்ட 9 லட்சம் போக எம்பிராய்டரியில் 79 ஆயிரம், பிரிண்டிங்கில் 43 ஆயிரம். வித்தியாசம் 36 ஆயிரம், அதுவும் எம்பிராய்டரி பக்கம்.

ஆனால் எம்பிராய்டரி இறங்குமுகம், பிரிண்டிங் ஏறுமுகம் என்று உங்கள் எண்களே சொல்கின்றன. நான்காம் வருடத்தில் எந்த மெஷினுக்கு வேலை இருக்கும்? மூன்று வருடத்தோடு முடித்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டதால் அதை நீங்கள் கேட்கவே இல்லை. நான்காம் வருடத்தையும் சேர்த்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். எம்பிராய்டரிக்கு 2, பிரிண்டிங்குக்கு 5 என்று வைத்தாலே முடிவு மாறிவிடும். ஜாப் ஒர்க் தரும் பார்ட்டிகள் எவ்வளவு நாளில் பில் பணம் தருகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். மூன்று மாதம் இழுக்கிறார்கள் என்றால் நீங்கள் சொல்லும் முதல் வருட 5 லட்சத்தில் ஒரு பகுதி இரண்டாம் வருடத்துக்குப் போய்விடும். அப்போது காசு சீக்கிரம் வருகிறது என்று எம்பிராய்டரிக்கு இருக்கும் சாதகம் குறையும்.

ஐந்து பேர் கொண்ட மகளிர் சுயஉதவிக் குழு. மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறோம். சாய்க்கும் கிரைண்டர், சீலிங் மெஷின் எல்லாம் சேர்த்து 1,20,000. அரிசி, உளுந்து, கரண்ட், கவர் செலவு போக வருடம் 60,000 நிற்கிறது. இன்னொரு செட் வாங்கலாமா? 50 சதவீத லாபம் என்று கூட்டமைப்பில் சொல்கிறார்கள்.
– மதுரை

நாலு வருடம் உழைத்துக் கடைசியில் 20,000-க்குப் போகும் என்று வைத்தால் தேய்மானம் 25,000, லாபம் 35,000, சராசரி முதலீடு 70,000. ஆமாம், 50 சதவீதம் வருகிறது. கூட்டமைப்பில் சொன்னது தவறில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், ஒவ்வொருவரும் தினம் இரண்டு மணி நேரம் வேலை செய்கிறோம், கூலி என்று எதுவும் எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்கு 300 நாள் என்றால் ஒருவருக்கு 600 மணி நேரம். 35,000-ஐ ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 7,000. ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்கூட வரவில்லை அம்மா. அந்த ஐம்பது சதவீதம் கிரைண்டர் சம்பாதித்தது இல்லை, நீங்கள் ஐந்து பேரும் வாங்காமல் விட்ட கூலி. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்னொரு செட் வாங்கினால் தலைக்கு இன்னும் 600 மணி நேரம் இதே கூலிக்குப் போகும்.

இரண்டாவது கிரைண்டர் இப்போது வேண்டாம். இருக்கிற கிரைண்டரே ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் மெஸ்ஸோ விடுதியோ இருந்தால் பாக்கெட் போடாமல் பாத்திரத்தில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். கவர் செலவும் மிஞ்சும், ஒட்டும் நேரமும் மிஞ்சும். பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் ஏற்றினால் எத்தனை வாடிக்கையாளர் போவார்கள் என்று ஒரே ஒரு தெருவில் முயன்று பார்க்கலாம். ஒரு நோட்டுப் போட்டு மூன்று மாதம் எழுதுங்கள்: யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், எத்தனை கிலோ அரைத்தீர்கள், எத்தனை பாக்கெட் போயிற்று. புளித்துப்போய்க் கடையிலிருந்து திரும்பி வந்த பாக்கெட்டையும் எழுதுங்கள், அதை யாரும் எழுதுவதில்லை. நோட்டின் நகலை எனக்கு அனுப்பினால் உட்கார்ந்து கணக்குப் போட்டு உங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன்.